புதுச்சேரிக் குடும்பங்களும் பிரெஞ்சுப் பதிவேடும்

ஒரு நகரத்தில் எத்தனை குடும்பங்கள் என்று கேட்டால் தலைகளை எண்ணிச் சொல்லிவிடலாம் என்றே நினைப்போம். ஆனால் புதுச்சேரியில் குடும்பத்தின் எல்லையை வகுத்ததில் சட்டத்துக்கும் பெரும் பங்குண்டு. பிரெஞ்சு ஆட்சியின் 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, விரும்பியவர் தம் மத, சாதி வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வர முடிந்தது. நிலையான ஒரு குடும்பப் பெயரும் சூட்டிக்கொள்ள முடிந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை 'லாப்போர்த்' ஆனது இப்படித்தான். துறந்ததைத் திரும்பப் பெற வழியிருக்கவில்லை. குடும்பத் தலைவரின் முடிவு மனைவியையும் வயதுவராத பிள்ளைகளையும் கட்டுப்படுத்தியது.

துறந்தவர்கள் சிறுபான்மையினர்தானே, அவர்களை வைத்து நகரத்தையே எடைபோடலாமா என்று கேட்கலாம். எண்ணிக்கையில் அவர்கள் குறைவுதான். ஆனால் இந்தோசீனாவின் படையிலும் அலுவலகங்களிலும் வேலை தேடிக் கடல் கடந்தவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். 1962 ஆகஸ்ட் 16-இல், புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க ஆறு மாத அவகாசம் கிடைத்தது. துறந்தவர், துறக்காதவர் என்ற பாகுபாடு அந்த விதியில் இல்லை. ஆகவே 1881 மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்பதும் மிகை. எனினும் இம்முறையும் மணமாகாத, பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளின் குடியுரிமை பெற்றோரின் தேர்வைப் பொறுத்தே அமைந்தது. ஆக, இந்நகரின் மக்கள்தொகையைப் படிப்பவர் பிறப்பு இறப்புக் கணக்கோடு நிற்காமல், வீட்டுத் தலைவர்கள் கையெழுத்திட்ட காகிதங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.