கார் முகத்தை மூடிய அட்டை: ஒரே செயல், இரண்டு காரணங்கள்



வரலாற்றுத் தாளில் 'காரணங்களை விளக்குக' என்று கேள்வி வந்தால், பல மாணவர்கள் மனப்பாடம் செய்த பட்டியலை அப்படியே எழுதிடுவாங்க. ஆனால் ஒரே செயலுக்குக் காலத்துக்குக் காலம் வேறு வேறு காரணம் இருக்கலாம். இதைப் புரிந்துகொள்ள ஒரு சாதாரண பொருளை எடுத்துக்குவோம்: காரின் முன்கிரில்லை மூடும் ஓர் அட்டைத் துண்டு.

முதல் காரணம்: குளிர்

எஞ்சினின் சூட்டைத் தண்ணீர் ரேடியேட்டருக்குக் கொண்டுவருகிறது. கிரில் வழியாக வரும் காற்று அதைத் தணிக்கிறது. கடும் வெயிலில், முழுப் பாரத்தோடு மலை ஏறினாலும் தாங்கும் அளவுக்குத்தான் ரேடியேட்டரைச் செய்வாங்க. அப்படியென்றால் பனிக்காலத்தில் என்ன ஆகும்? தேவைக்கு மேல் குளிர்ந்துவிடும்.

குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது; அதனால் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கும். எனவே குளிர்நாட்டு ஓட்டுநர்கள் ரேடியேட்டருக்கு முன்னால் அட்டையோ தடித்த துணியோ கட்டினார்கள். 1922-இல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் 'டுவென்டி' காரில், ஓட்டுநரே திறந்து மூடும் பலகைகள் ரேடியேட்டரின் முன் இருந்தன. குளிர்நாட்டு லாரிகளில் இன்றும் முன்பக்கத் துணி உறையைப் பார்க்கலாம். நோக்கம் ஒன்றுதான்: சூட்டைக் காப்பாற்றுவது.

இரண்டாம் காரணம்: காற்று

கிரில்லுக்குள் நுழையும் காற்று நேராக வெளியே போவதில்லை. எஞ்சின், குழாய், கம்பி எல்லாவற்றிலும் முட்டி மோதி, காரைப் பின்னுக்கு இழுக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். பெட்ரோல் மலிவாக இருந்தவரை இதைப் பற்றிப் பெரும்பாலோர் கவலைப்படவில்லை. 1934-இல் காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவத்தில் வந்த கிரைஸ்லர் 'ஏர்ஃப்ளோ' காரை மக்கள் விரும்பி வாங்கவில்லை. 1937-ஓடு அது நின்றுபோனது.

நிலைமையை மாற்றியது 1973. அக்டோபரில் நடந்த அரபு-இஸ்ரேல் போரின்போது, அரபு எண்ணெய் நாடுகள் இஸ்ரேலை ஆதரித்த அமெரிக்கா முதலிய நாடுகளுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்தது, 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. அமெரிக்க எண்ணெய் நிலையங்களில் நீண்ட வரிசை. 1974 ஜனவரியில் அதிபர் நிக்சன், நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலாக, அதாவது ஏறக்குறைய 88 கிலோமீட்டராகக் குறைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1975-இல் கார்களின் எரிபொருள் சிக்கனத்துக்கு அளவு நிர்ணயிக்கும் சட்டமும் வந்தது.

2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. அதற்கு முந்தின மாதம்தான் நம் மலேசியாவில் பெட்ரோல் லிட்டருக்கு 1 ரிங்கிட் 92 சென்னிலிருந்து 2 ரிங்கிட் 70 சென்னுக்கு ஏறியது. அமெரிக்காவில் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோலை மிச்சப்படுத்தி ஓட்டும் முறைக்கு 'ஹைப்பர்மைலிங்' என்று பெயர். ஓர் அமெரிக்க அகராதி அதையே அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. இப்படி ஓட்டியவர்களில் சிலர் பிளாஸ்டிக் அட்டையை வெட்டி, கிரில் ஓட்டைகளை அடைத்தார்கள். இப்போது நோக்கம் சூடு மட்டுமல்ல. காற்றை உள்ளே விடாமல் தடுப்பது.

வீட்டில் செய்த வேலை தொழிற்சாலைக்கும் போனது. 2011 மாடல் செவ்ரலே 'குரூஸ் இகோ' காரில், வேகமாகப் போகும்போது தானாக மூடி, எஞ்சினுக்குக் காற்று தேவைப்பட்டால் தானாகத் திறக்கும் கிரில் பலகைகள் இருந்தன.

நமக்குப் பொருந்துமா?

இங்கேதான் கவனம் வேண்டும். 'அங்கே செய்தாங்க, நாமும் செய்யலாமே' என்று யாராவது அட்டையை எடுத்துக் கட்டினால் என்ன ஆகும்? நம் நாட்டில் பனிக்காலம் கிடையாது. ஏர்கோனை அணைப்பதும் கிடையாது. ஏர்கோனின் சூட்டை வெளியேற்றும் பகுதியும் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது. காற்றை அடைத்தால் ஏர்கோன் குளிராது. நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் கொதித்து, மேல்பகுதி வளைந்துவிட்டால், மிச்சம் பிடித்த பெட்ரோல் காசெல்லாம் பட்டறைக்கே போய்விடும். தானியங்கிப் பலகை சூட்டைப் பார்த்துத் திறக்கும். அட்டைக்கு அந்த அறிவு இல்லை.

அப்படியானால் இந்த வரலாற்றில் நமக்குப் பயன்படுவது எது? அட்டை அல்ல, 1974-இன் வேகச் சட்டம். நம் நெடுஞ்சாலையில் மணிக்கு 110-இல் போகிறவர் 90-க்கு இறங்கினால், காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். இதற்கு ஒரு சென்னும் செலவில்லை. பனிநாட்டுத் தீர்வு இங்கே செல்லாது. காற்றின் விதி எல்லா ஊருக்கும் ஒன்றுதான். வரலாற்றிலிருந்து பாடம் எடுக்கும்போது, எது அந்த இடத்துக்கு மட்டும் உரியது, எது எங்கும் பொருந்தும் என்று பிரித்துப் பாருங்கள்.

வகுப்பறைப் பயிற்சி

1. கிரில்லை மூடியதற்கான இரண்டு காரணங்களை ஒப்பிட்டு விளக்குக.
2. 1973 எண்ணெய் நெருக்கடியின் உடனடி விளைவு ஒன்றையும் நீண்டகால விளைவு ஒன்றையும் எழுதுக.
3. 'ஒரு நாட்டின் தீர்வு இன்னொரு நாட்டுக்கு அப்படியே பொருந்தாது.' வேறோர் எடுத்துக்காட்டுடன் கருத்துரைக்க.