ஹக்கலையில் எஞ்சிய காடு

நுவரெலியாவிலிருந்து வெலிமடை செல்லும் வீதியில், ஏறத்தாழ ஆறு மைல் தொலைவில் ஹக்கலைப் பூங்கா அமைந்துள்ளது. மலர் காணச் செல்வோருட் பலர் இது முன்னர் ஒரு பயிர்த் தோட்டம் என்பதை அறியார். பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் 1861இல் இங்குச் சிங்கோனாவைப் பயிரிடுவித்தார். மலேரியாவுக்கு மருந்தான கொயினா அதன் பட்டையிலிருந்தே பெறப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, துரைமார் பலர் சிங்கோனாவை நாடினர். மிகையுற்பத்தியால் 1880களில் அதன் விலையும் வீழ்ந்தது, தேயிலை நிலைபெற்றது, ஹக்கலை பூங்காவாயிற்று.

பூங்காவை அடுத்த மலைக்காடு எஞ்சியது தற்செயலன்று. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழித்தல் 1873இல் தடுக்கப்பட்டது. 1938இல் ஹக்கலைக் காடு இயற்கை ஒதுக்கமாயிற்று. ஆனால், மலைநாட்டைத் தோட்டங்களாக்கிய தமிழகத் தொழிலாளரின் பெயர்களை வரலாறு பேணவில்லை. காடு காப்புப் பெற்றுப் பத்தாண்டு கழிந்து, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்தம் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோர் குடியுரிமையற்றோராயினர். எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழிதிறந்தது. ஹக்கலையின் வரலாற்றை எழுதுவோர் மரங்களோடு இம்மக்களையும் சேர்த்தெழுதுதல் கடனாகும்.