உண்ணியும் சட்டமும்: ரெக்சாசுக் காய்ச்சலின் வரலாறு

ஆவின் செவியில் ஒட்டிக்கிடக்கும் உண்ணியை நம்மவர் பிடுங்கி எறிந்து அத்துடன் மறந்துவிடுவர். அச்சிற்றுயிரை ஒழித்தற்கென ஐக்கிய அமெரிக்க அரசு 1906 முதல் 1943 வரை, முப்பத்தேழு ஆண்டுகள், சட்டத்தின் துணைகொண்டு போராடிற்று.

ரெக்சாசு மாநிலத்து மந்தைகள் வடக்கே சென்ற வழியெங்கும் உள்ளூர் மாடுகள் குருதி கலந்த சிறுநீர் கழித்து மாண்டன. 1868இல் இலினோய், இந்தியானா மாநிலங்களில் மட்டும் பல்லாயிரம் மடிந்தன. நோயைக் கொணர்ந்த தென்னாட்டு மாடுகளோ நலமாகவே நின்றன. காரணம் அறியாத மிசூரி மாநிலம், மார்ச்சு முதல் நவம்பர் வரை ரெக்சாசு மாடு எதுவும் தன் எல்லையுட் புகலாகாதெனச் சட்டம் இயற்றிற்று. நோயுள்ளது, நோயற்றது எனப் பாராது யாவற்றையும் தடுத்த அச்சட்டம் மாநிலங்களுக்கிடையேயான வணிகத்திற் குறுக்கிடுவதெனக் கூறி, உச்ச நீதிமன்றம் 1877ஆம் ஆண்டுத் தவணையில் அதனைச் செல்லாதாக்கிற்று. எனினும் அதன் மாதக்கணக்கு முற்றும் பிழையன்று. உண்ணி வெப்ப காலத்திலேயே பெருகும்.

இவ்வுண்மை 1893இல் வெளிப்பட்டது. அரசின் கால்நடைத் தொழிற் பணியகத்தைச் சார்ந்த தியோபால்டு சிமித், கில்போண் ஆகிய இருவரும், குருதியின் செவ்வணுக்களை அழிக்கும் நுண்ணுயிரை உண்ணியே காவுகின்றதென நிறுவினர். ரொனால்டு ரொஸ் நுளம்பினுள் மலேரியாக் கிருமியைக் கண்டதற்கு நான்கு ஆண்டுகள் முற்பட்டது இது. இவ்வுண்ணி ஒரே மாட்டின்மேல் மூன்று வாரமளவில் வளர்ந்து நிலத்தில் வீழ்ந்து முட்டையிடும். முட்டை வழியே நுண்ணுயிர் அடுத்த தலைமுறையைச் சேரும். ஆகவே பதினான்கு நாட்களுக்கு ஒருமுறை மாடுகளை ஆசனிக்குக் கரைசலில் அமிழ்த்தினால், வீழுமுன்னரே உண்ணி இறக்கும். 1906இல் கொங்கிரசு இதற்கென 82,500 டொலர் ஒதுக்கிற்று. மத்திய அரசின் அதிகாரம் பெரும்பாலும் மாநில எல்லைகளைக் கடக்கும் மாடுகள் மீதே சென்றமையால், உள்ளூரில் அமிழ்த்தலைக் கட்டாயமாக்கும் பொறுப்பு மாநிலச் சட்டங்களைச் சார்ந்தது.

தெற்கின் குடியானவர் இதனை வெறுத்தனர். அங்குக் கன்றுகள் இளமையிலேயே இலேசாக நோயுற்று எதிர்ப்பாற்றல் பெறுதலின், அவர்கள் தம் தொழுவத்தில் அந்நோயைக் கண்டிலர். காணாத நோய்க்காக இரு வாரத்துக்கொருமுறை, உழவு வேலையை விட்டு, மாடுகளைத் தொலைவிலுள்ள தொட்டிக்கு ஓட்ட வேண்டியதாயிற்று. அமிழ்த்தித் தொட்டிகள் பல வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. இவர்களை அறியாமையினர் என ஒதுக்குதல் எளிது. யான் அவ்வாறு கருதேன். பெருமந்தை உடையார்க்கு வடநாட்டுச் சந்தை திறந்தது. இரண்டொரு மாடு வைத்துப் பால் கறந்து உண்டார்க்கு என்ன திறந்தது?

1943இல் பணி நிறைவெய்திற்று, றியோ கிராண்டே ஆற்றங்கரையோரத்து ஒரு நீண்ட நிலத்துண்டு நீங்கலாக. ஆற்றுக்கு அப்பால் மெக்சிக்கோவில் உண்ணி இன்றும் உண்டு. ஆதலின் அரசின் குதிரை வீரர் அக்கரையோரத்தில், ஆறு கடந்து வரும் மாடுகளைத் தேடி இன்றும் சுற்றி வருகின்றனர்.