அரிசிக்கு விலை வைப்பவர் யார்? 1952 தரும் பாடம்



அரசு மக்களின் வாழ்வில் எவ்வளவு தூரம் நுழையலாம் என்பது பழைய வினா. ஆட்சியாளர் ஒதுங்கி நின்றால் மக்கள் தம் காரியத்தைத் தாமே செம்மையாக நடத்திக்கொள்வர் என்போர் ஒருபுறம். அரசு கைவிட்டால் ஏழை அழிந்துபோவான் என்போர் மறுபுறம். முன்னவரைத் தனிமனித விடுதலைவாதிகள் என்று அழைப்பர். நம் மண்ணில் இந்த வினா அரிசியின் வடிவில் எழுந்தது.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. 1943இல் வங்கப் பஞ்சம் பல இலட்சம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்தப் போர்க்காலத்தில்தான் சென்னை மாகாணத்திலும் உணவுப் பங்கீடு வந்தது. உழவர் தம் தேவைக்குப் போக மிஞ்சிய நெல்லை அரசு குறித்த விலைக்கு அரசுக்கே அளக்க வேண்டும். அனுமதியின்றி மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகக் கூடாது. பஞ்சத்தைத் தடுக்கப் பிறந்த ஏற்பாடு போர் முடிந்த பின்னும் நீடித்தது. அதன் நிழலில் கள்ளச்சந்தையும் வளர்ந்தது. காந்தியடிகளின் வற்புறுத்தலால் 1947 டிசம்பரில் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. விலை ஏறவே, மறு ஆண்டே அது திரும்பிவிட்டது.

1952 ஏப்ரலில் இராஜாஜி முதலமைச்சரானார். ஜூன் மாதமே உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். வணிகர்கள் பதுக்குவார்கள், ஏழைகள் பட்டினி கிடப்பார்கள் என்று பலர் அஞ்சினர். அஞ்சியபடி பஞ்சம் வரவில்லை. அவருக்குத் துணை நின்றவர் மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய். அரசின் கையில் போதிய தானியம் இருக்கிறது என்று தெரிந்தால் பதுக்குபவன் துணிய மாட்டான் என்பது அவருடைய கணக்கு. அடுத்து வந்த நல்ல விளைச்சலும் கைகொடுத்தது. 1954க்குள் நாடெங்கும் உணவுக் கட்டுப்பாடு விலகியது. அவ்வாண்டு அக்டோபரில் கித்வாய் மறைந்தார்.

விடுதலைவாதிகள் இதைத் தம் வெற்றியாகச் சொல்வர். அது பாதி உண்மை. கட்டுப்பாட்டை எடுத்த கை, கையிருப்பை விட்டுவிடவில்லை.

இந்த இடத்தில் நம் மார்க்க வரலாறு பேசுகிறது. மதீனாவில் விலை ஏறியபோது, விலையை நிர்ணயிக்குமாறு தோழர்கள் வேண்டினர். நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். எவருடைய பொருளிலும் அநீதி இழைத்த குற்றச்சாட்டு இல்லாமல் இறைவனைச் சந்திக்கவே தாம் விரும்புவதாகக் கூறினார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ தொகுப்புகளில் உள்ளது. அதே நபியவர்கள் பதுக்கல்காரனைப் பாவி என்றும் கண்டித்தார்கள். 1328இல் மறைந்த அறிஞர் இப்னு தைமிய்யா (ரஹ்) இவ்விரண்டையும் இணைத்து விளக்கினார். சரக்குக் குறைந்தோ மக்கள் பெருகியோ விலை ஏறினால், வணிகனை நெருக்குவது அநீதி. மக்களுக்குத் தேவையான பொருளை வைத்துக்கொண்டே வணிகன் விற்க மறுத்தால், நியாய விலைக்கு விற்கச் செய்வது ஆட்சியாளரின் கடமை. எகிப்தில் யூசுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஆண்டுகளின் விளைச்சலைச் சேமித்துப் பஞ்ச ஆண்டுகளைக் கடக்கச் செய்ததும் ஆட்சிப் பொறுப்பில் அமர்ந்துதான்.

இராஜாஜியின் வழி இதன் பின்னரும் நேராக இல்லை. 1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை விவசாயத்தைத் தீர்மானித்தது. உழவனின் நிலம் பறிபோகும் என்று எதிர்த்த அவர், அவ்வாண்டு ஜூனில் சென்னையில் சுதந்திரா கட்சியை அறிவித்தார். என்.ஜி.ரங்கா அதன் தலைவரானார். எதற்கும் அனுமதி கேட்டு நிற்கும் நிலையைப் ‘பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்’ என்று இராஜாஜி சாடினார். 1967இல் அக்கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பெற்றது. ஆயினும், 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தவரும் அவரே. அதனால் குறைந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி விதித்தவரும் அவரே. குடிப்பவனின் விருப்பத்தை மட்டும் அவர் சந்தையிடம் விட்டுவிடவில்லை.

1967 தேர்தலில் தி.மு.க.வோடு சுதந்திரா கட்சியும், நமக்கு அருகே குரோம்பேட்டையில் வாழ்ந்த காயிதே மில்லத் தலைமையிலான முஸ்லிம் லீகும் கைகோத்தன. அரிசித் தட்டுப்பாட்டின் கோபத்தில் நடந்த தேர்தல் அது. ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதியோடு வந்த அண்ணா, சென்னையிலும் கோவையிலும் அதைத் தொடங்கினார். அரசு ஒதுங்க வேண்டும் என்ற கட்சியின் தோழமையோடு, அரசே மலிவாக அரிசி தரும் ஆட்சி பிறந்தது. 2011 ஜூன் முதல் அந்த அரிசி இலவசமாகவே கிடைக்கிறது. இன்று நம் பெருங்களத்தூரில் நியாய விலைக் கடை வரிசையில் நிற்கும் கைம்பெண்ணிடம் சென்று, அரசு விலகட்டும் என்று எவர் சொல்வார்?

சகோதரர்களே, நம்மில் வணிகர் பலர். அதிகாரியின் கெடுபிடியையும் வரியையும் குறைகூறும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் விடுதலை கேட்கும் வணிகர், ரமளானை எதிர்பார்த்துச் சரக்கைப் பூட்டி வைத்தால், அந்த விடுதலையைப் பறிக்க அரசுக்குக் காரணத்தைத் தாமே தருகிறார். ஸகாத்தைக் கணக்கிட்டுக் கொடுக்காதவர், ஏழைக்கு அரசு ஏன் அரிசி தருகிறது என்று கேட்கத் தகுதியற்றவர். சந்தையின் விடுதலை அல்லாஹ்வின் அமானிதம். ஏழையின் பசியும் அவ்வாறே. ஒன்றைக் காக்க மற்றொன்றைப் பலியிடாத நீதியை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் ஆட்சியாளர்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.