ஸ்டார்ட் ஆகாத ஆர்.எக்ஸ் 100... இன்ஜினைப் பிரிக்கச் சொல்றதுக்கு முன்னாடி இதையெல்லாம் செக் பண்ணிடுங்க!

யமஹா ஆர்.எக்ஸ் 100 இந்திய ரோட்டுக்கு வந்தது 1985-ல். உற்பத்தி நின்றது 1996-ல். அதாவது, கடைசியா வெளியே வந்த வண்டிக்கே இப்போ கிட்டத்தட்ட முப்பது வயசு. இதைப் படிக்கிற உங்கள்ல பலருக்கு அது சீனியர். ரீல்ஸ்ல அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆசைப்பட்டு வாங்கினவங்க இருக்கீங்க. சித்தப்பா ஷெட்ல தார்ப்பாய் போட்டு மூடிவெச்சிருந்ததைத் துடைச்சு எடுத்தவங்களும் இருக்கீங்க. ரெண்டு தரப்புக்கும் வர்ற முதல் பிரச்னை ஒண்ணுதான். உதைச்சு உதைச்சு கால் வலிக்குது, வண்டி உயிர் பிடிக்கல.

அப்போ காதுல விழுற முதல் தீர்ப்பு, ``இன்ஜின் இறக்கணும் தம்பி.'' சில நேரம் அது உண்மையாவே இருக்கலாம். ஆனா, அழுக்குப் பிடிச்ச ஒரு பிளக், தூசி அடைச்ச ஒரு ஜெட்கூட இதே வேலையைக் காட்டும். தேவையில்லாம இன்ஜினைப் பிரிச்சா பணம் மட்டும் போகாது. கம்பெனி போட்ட போர், பிஸ்டன் எல்லாம் போயிடும். இந்த வண்டியோட மதிப்பே அதுலதான் இருக்கு.

இது 98 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின். ஃபோர் ஸ்ட்ரோக்ல இருக்கிற மாதிரி வால்வு, கேம் எதுவும் கிடையாது. உயிர் பிடிக்க மூணு விஷயம் போதும். கரண்ட், பெட்ரோல், கம்ப்ரஷன். இதே வரிசையில பாருங்க. செலவு குறைஞ்சதுல இருந்து அதிகமானதுக்குப் போற வரிசை இது.

கரண்ட் வருதா?

பெட்ரோல் டேப்பை மூடிட்டு, பிளக்கைக் கழற்றுங்க. கேப்ல திரும்ப மாட்டி, பிளக்கோட இரும்பு உடம்பு ஹெட் மேல படுற மாதிரி வெச்சு, சாவி ஆன் பண்ணிக் கிக்கரை உதைங்க. பிளக் ஓட்டைக்குப் பக்கத்துல மட்டும் வைக்காதீங்க. அதுல இருந்து பெட்ரோல் ஆவி வரும், தீப்பிடிக்கும். பளிச்சுன்னு நீல நிறத்துல பொறி வந்தா நல்லது. மங்கலா, மஞ்சளா வந்தா புது பிளக் போட்டுப் பாருங்க. அப்பவும் வரலைன்னா கேப், அப்புறம் காயில், சி.டி.ஐ யூனிட். இந்த வண்டியில பொறிக்கு பேட்டரி தேவையில்லை, மேக்னட்ல இருந்தே கரண்ட் வரும். அதனால ஸ்டார்ட் ஆகலைன்னு பேட்டரி மாத்தச் சொன்னா ஒரு நிமிஷம் யோசிங்க.

கழற்றின பிளக்கைத் துடைச்சுடாதீங்க. இன்ஜினுக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்ற ரிப்போர்ட் அது. காபித்தூள் நிறத்துல இருந்தா எல்லாம் சரி. கறுப்பா, ஈரமா இருந்தா பெட்ரோலோ ஆயிலோ அதிகமாப் போகுது. வெள்ளையா வெளுத்திருந்தா உஷாராகணும். ஏன்னு பிறகு சொல்றேன்.

காலையில ஒரே உதையில ஸ்டார்ட் ஆகி, பத்து கிலோமீட்டர் போனதும் நின்னு, அரை மணி நேரம் ஆறினதும் ஓடுதா? சூடானா செயலிழக்கிற காயில் மேல சந்தேகப்படலாம். ஆனா மெக்கானிக் கிட்ட தள்ளிட்டுப் போறதுக்குள்ள அது ஆறிடும், டெஸ்ட் பண்ணா பொறி வரும். அதனால பிளக் ஸ்பேனரை வண்டியிலேயே வெச்சுக்கோங்க. நின்ன இடத்துலயே, நின்ன நிமிஷத்துலயே பொறி பார்க்கணும்.

பெட்ரோல் போகுதா?

மாசக்கணக்கா நின்ன வண்டின்னா டேங்க்ல இருக்கிற பழைய பெட்ரோலை முதல்ல இறக்கிடுங்க. இப்போ பங்க்ல கிடைக்கிறதுல 20 சதவிகிதம் வரைக்கும் எத்தனால் இருக்கு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்க்ல துரு, அடியில தண்ணி, ஊறிப்போன ரப்பர் டியூப்னு பழைய வண்டிக்கு வர்ற தொல்லைகள்ல இதுக்கும் பங்கு உண்டு. இந்த வண்டியை டிசைன் பண்ணப்போ எத்தனால் கணக்குலயே இல்லை. அதனால வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓட்டுங்க. ஓட்ட முடியலைன்னா கார்புரேட்டரைக் காலி பண்ணி வைங்க.

கார்புரேட்டர் பக்கம் பெட்ரோல் டியூபைக் கழற்றி, ஒரு பாட்டில்ல விட்டு, டேப்பைத் திறங்க. தடையில்லாம கொட்டணும். சொட்டுச் சொட்டா வந்தா டேப்புல இருக்கிற வலையில துரு அடைச்சிருக்கு. இன்னொரு வேடிக்கையான கோளாறும் உண்டு. ரெண்டு மூணு கிலோமீட்டர்ல வண்டி நிக்கும், டேங்க் மூடியைத் திறந்தா ``புஸ்''ஸுன்னு சத்தம் வரும், மூடினா மறுபடி ஓடும். மூடியில இருக்கிற காற்றுத் துளை அடைச்சிருக்குன்னு அர்த்தம். செலவு ஜீரோ.

சோக் போட்டா மட்டும் ஓடுது, ஐட்லிங் நிக்கலைன்னா பைலட் ஜெட் அடைப்பா இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கம்பி விட்டுக் குத்தாதீங்க, துளை பெருசாகிடும். கார்ப் கிளீனர் அடிச்சு, பஞ்சர் கடையில காற்று பிடிச்சா போதும்.

கடைசியா கம்ப்ரஷன்

கிக்கரைக் கையால அழுத்துங்க. ஒரு கட்டத்துல முட்டுக்கொடுத்து நிக்கணும். வெண்ணெயில இறங்குற மாதிரி போனா கம்ப்ரஷன் இல்லை. உடனே போர் வேலைன்னு முடிவு பண்ணாதீங்க. பிளக் டைட்டா இருக்கா, ஹெட் கேஸ்கெட் ஓரத்துல ஆயில் கசியுதான்னு பாருங்க. பிறகு பிளக் ஓட்டை வழியா ஒரு டீஸ்பூன் 2டி ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி மறுபடி அழுத்துங்க. இப்போ முட்டுதுன்னா ரிங், போர் தேய்ஞ்சிருக்க வாய்ப்பு அதிகம்.

போர் நல்லாருந்தும் தொல்லை பண்றது கிராங்க் ஆயில் சீல். டூ ஸ்ட்ரோக்ல கிராங்க் கேஸும் காற்றுப் புகாம இருக்கணும். கிளட்ச் பக்கச் சீல் போனா கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக் குடிக்கும். வெள்ளைப் புகை நிக்காது, கியர் ஆயில் அளவு குறைஞ்சுகிட்டே வரும். மேக்னட் பக்கச் சீல் போனா வெளிக்காற்று உள்ளே வரும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்காம கத்தும். இந்த ரெண்டாவது அறிகுறியோட நெடுஞ்சாலைக்குப் போகவே போகாதீங்க.

இங்கதான் அந்த வெள்ளை பிளக் விஷயம் வருது. காற்று அதிகமாகி பெட்ரோல் குறைஞ்சாலோ, 2டி ஆயில் வராம போனாலோ பிஸ்டன் அதிகமா சூடாகி, போருக்குள்ள இறுகிடும். இன்ஜின் ஜாம். 70-ல போறப்போ நடந்தா பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கும். ஓட்டுறப்போ சத்தம் மாறி, யாரோ பின்னாடி இருந்து இழுக்கிற மாதிரி தெரிஞ்சா அந்த நொடியே கிளட்ச்சைப் பிடிங்க. பிடிச்சபடியே ஓரம் கட்டுங்க. ஆர்.எக்ஸ்ல ஆயில் டேங்க்கும் பம்ப்பும் தனி. டேங்க் ஒரு தடவை காலியாச்சுன்னா ஆயில் ஊத்தினா மட்டும் போதாது, பம்ப்புல சிக்கின காற்றையும் எடுக்கணும். அதுவரை பெட்ரோல்ல 2டி ஆயில் கலந்துதான் ஓட்டணும்.

எல்லாம் பார்த்தும் போர் வேலைதான்னு உறுதியானா, லேத்துக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி இப்போ என்ன சைஸ்ல இருக்குன்னு அளக்கச் சொல்லுங்க. கம்பெனி சைஸ் 50 மி.மீ. அதுல இருந்து 0.25 மி.மீ படிகளா, 1 மி.மீ வரைக்கும் ஓவர்சைஸ் பிஸ்டன் உண்டு. அவ்வளவுதான். ஒவ்வொரு போர் வேலையும் அந்தக் கணக்குல ஒரு படியைத் தின்னுடும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கப் போறவங்களும் இந்த சைஸைக் கேளுங்க. பளபளன்னு இருக்கிற பெயின்ட்டைவிட அது முக்கியம். ஆர்.சி புக்ல இருக்கிற இன்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் வண்டியில இருக்கிறதோட ஒத்துப்போகுதான்னும் பார்த்துடுங்க. 15 வருஷம் தாண்டின வண்டிங்கிறதால பதிவு புதுப்பிச்சிருக்கான்னு தேதியையும் பாருங்க.

புதுப்பேட்டையில பார்ட்ஸ் தேடுறவங்க, டப்பா மேல இருக்கிற பேரை மட்டும் நம்பாதீங்க. பழைய பிஸ்டனைக் கையோட எடுத்துட்டுப் போய் பக்கத்துல வெச்சு ஒப்பிடுங்க. வேலை முடிஞ்சு வந்த இன்ஜினை முதல் 500 கிலோமீட்டருக்கு முறுக்காதீங்க. ஒரே வேகத்துலயும் ரொம்ப நேரம் ஓட்டாதீங்க. நண்பர்கள் கிட்ட சத்தம் போட்டுக் காட்டுறதையெல்லாம் அதுக்கப்புறம் வெச்சுக்கலாம்.