தாடியை எடுத்துக்கொண்டோம், கடிதத்தை விட்டுவிட்டோம்!



தோற்றவன் கதை நம்மைச் சாய்க்கிறதா, நிமிர்த்துகிறதா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு போடு போட்டார்கள். "வீட்டிலே இருக்கிற கண்ணீர் போதாதா? காசு கொடுத்து வேற போய் அழணுமா?" என்று கேட்டார்கள். பலத்த கைதட்டல். கைதட்டியவர்களில் பாதிப் பேருக்கு நேற்று ராத்திரி சீரியல் பார்த்து நனைந்த முந்தானை இன்னும் காயவில்லை! (சிரிப்பு)

தோற்றவன் என்றால் நம் நாட்டு சினிமாவுக்கு முதலில் ஞாபகம் வருகிற பேர் தேவதாஸ். தமிழ்நாட்டிலே அது வெறும் பேர்கூட இல்லை, பட்டப்பேர்! நாலு நாள் சவரம் செய்யாமல் தெருவுக்கு வந்து பாருங்கள். "என்னடா, தேவதாஸ் ஆயிட்டே?" என்பான். கதையைப் படிக்காதவனும் கேட்பான், படத்தைப் பார்க்காதவனும் கேட்பான். சரி, யார் அந்த தேவதாஸ்?

வங்காளத்திலே சரத்சந்திரர் தம் இளம் வயதில் எழுதி, பல வருஷம் கையிலேயே வைத்திருந்து, 1917இல் வெளியான நாவல் அது. ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை தேவதாஸ். பக்கத்து வீட்டுப் பெண் பார்வதி. அந்தஸ்தில் ஒரு படி குறைந்த குடும்பம். அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் என்று பேச்சு வருகிறது. அந்தக் காலத்துப் பெண், நடு ராத்திரியில் தனியாக அவன் அறைக்கு வருகிறாள். ஊர் என்ன சொல்லும் என்று அவள் பயப்படவில்லை. பயந்தது யார்? இவன்! அப்பா மறுக்கிறார். இவன் கல்கத்தாவுக்குப் போய் ஒரு கடிதம் எழுதுகிறான். உன்மேல் எனக்கு அப்படியொரு பெரிய காதல் இருந்ததில்லை என்ற பொருளிலே எழுதுகிறான். தபாலில் போட்ட பிறகு மனசு அடித்துக்கொள்கிறது. திரும்பி ஓடி வருகிறான். அவளுக்கும் மானம் உண்டல்லவா? முடியாது என்று சொல்லிவிட்டாள்.

அப்புறம்தான் ஐயா குடி வருகிறது. அப்புறம்தான் சந்திரமுகி வருகிறாள். கடைசியிலே மாட்டு வண்டியில் கிடந்து பார்வதியின் வாசலுக்கு வந்து சாகிற சாவு வருகிறது. ஆக, தேவதாஸ் தோற்றது பாட்டிலிடத்திலே அல்ல. வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் தோற்றான். எழுதக் கூடாத கடிதத்தை எழுதித் தோற்றான். நாம் என்ன செய்தோம்? தாடியை எடுத்துக்கொண்டோம், கடிதத்தை விட்டுவிட்டோம்! (கைதட்டல்)

இந்தக் கதையை ஒவ்வொரு தலைமுறையும் எடுத்துப் பார்த்திருக்கிறது. பேசாத படக் காலத்திலேயே, 1928இல் எடுத்தார்கள். 1935இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸில் பி.சி. பருவா வங்காளியில் எடுத்துத் தாமே நடித்தார். அடுத்து இந்தியில் சைகல். அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் பிமல் ராய். கேமராவுக்குப் பின்னாலிருந்து அந்தத் தோல்வியைப் பார்த்த மனிதருக்கு அது மனசை விட்டுப் போகவில்லை. திலீப்குமாரை வைத்து 1955இல் அவரே இயக்கினார். நடுவே 1953இல் நமக்கும் வந்தது. வேதாந்தம் ராகவையா இயக்கம். தெலுங்கிலும் தமிழிலும் நாகேஸ்வர ராவ், சாவித்திரி. இசையமைத்த சி.ஆர். சுப்பராமன் படம் வெளிவருவதற்குள், 1952இலேயே காலமாகிவிட்டார். கண்டசாலா குரலில் அந்தப் பாட்டுகள் ஒலிக்காத ஊர் உண்டா? 2002இல் சஞ்சய் லீலா பன்சாலி கோடி கோடியாகக் கொட்டி மறுபடியும் எடுத்தார். ஜெயித்தவன் கதையை ஒரு தடவை பார்த்தால் போதும். தோற்றவனை மட்டும் ஏன் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறோம்?

எதிரணித் தலைவர் குறுக்கிட்டுக் கேட்பார், எனக்குத் தெரியும். "சைகல் குடியால் கெட்டு 1947இல் 42 வயதில் போனாரே. திலீப்குமார் சோக வேடமாகவே நடித்து மனசு கெட்டு, மனநல மருத்துவரிடம் போனாரே. இதுவா நிமிர்த்துவது?" நியாயமான கேள்வி. மருத்துவர் திலீப்குமாருக்கு என்ன சொன்னார்? கொஞ்சம் லேசான வேடங்களும் செய்யுங்கள் என்றார். அப்படி அவர் நடித்த படம் 1955இல் வந்த 'ஆசாத்'. எடுத்தவர் யார் தெரியுமா? நம் கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோ ஸ்ரீராமுலு நாயுடு. அது நம்ம 'மலைக்கள்ளன்' கதைதான்! தேவதாஸிடம் மாட்டிக்கொண்டவரை மலைக்கள்ளன் வந்து மீட்டிருக்கிறான்! (சிரிப்பு, கைதட்டல்) அதே திலீப்குமார் 2021 வரை, 98 வயது வரை வாழ்ந்தார். நடிகன் கிணற்றுக்குள்ளே இறங்குகிறான். மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கிறான். அவனுக்கு ஆபத்து உண்டு, ஒப்புக்கொள்கிறேன். நாம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறோம். ஆழம் தெரிந்துகொண்டு வீட்டுக்கு வருகிறோம்.

இன்னொரு மனிதரைச் சொல்கிறேன். குரு தத். பெங்களூரில் பிறந்தவர். 1957இல் 'பியாசா' எடுத்தார். உயிரோடு இருக்கும்போது சீந்துவாரில்லாத கவிஞன், செத்துவிட்டான் என்று நினைத்ததும் ஊரே கொண்டாடுகிறது. படம் ஜெயித்தது. 1959இல் 'காகஸ் கே பூல்', காகிதப் பூக்கள். இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். ஒரு சினிமா இயக்குநர் புகழிலிருந்து விழுந்து, ஆளில்லாத ஸ்டுடியோவில், இயக்குநர் நாற்காலியிலேயே உயிரை விடுகிற கதை. அந்தக் கதாநாயகன் படத்துக்குள்ளே ஒரு படம் எடுக்கிறான். என்ன படம் தெரியுமா? தேவதாஸ்! (கைதட்டல்)

தோல்வியைப் பற்றிய அந்தப் படமே தோற்றது. ஜனங்கள் ஏற்கவில்லை. அதற்கப்புறம் இயக்குநர் என்று எந்தப் படத்திலும் குரு தத் தம் பேரைப் போட்டுக்கொள்ளவே இல்லை. 1964 அக்டோபர் 10ஆம் தேதி, 39 வயதில் போய்விட்டார். இன்றைக்கு சினிமா படிக்கிற பிள்ளைகளுக்கு அது பாடம். ஒளிப்பதிவு செய்த வி.கே. மூர்த்திக்குப் பின்னாளில் தாதாசாகேப் பால்கே விருதே கிடைத்தது. ஊர் தன் தீர்ப்பை மாற்றி எழுதியது. மாற்றி எழுதியதைப் படிக்க அந்த மனிதர் இல்லை. பரீட்சை ரிசல்ட் வந்த அன்றைக்கு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாடத்தை எந்த வெற்றிக் கதை சொல்லிவிடும்? இன்றைய தீர்ப்பு கடைசித் தீர்ப்பு இல்லை, இருந்து பார் என்று தோற்ற கதைதான் சொல்ல முடியும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், நானும் தோற்றவன். பல வருஷங்களுக்கு முன்னால் என் வகுப்பில் ஒரு பையன். மூன்று தாளில் அரியர். தாடியோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மேடைப் பேச்சாளன் அல்லவா, எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? "வாங்க தேவதாஸ், பார்வதி சௌக்கியமா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். மறுநாளிலிருந்து வரவில்லை. விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது, அப்பா இறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. அது துக்கத் தாடி. "தப்பாச் சொல்லிட்டேன்ப்பா" என்றேன். "பரவாயில்லைங்க ஐயா. அன்னைக்கு என்னப்பா ஆச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சொல்லியிருப்பேன்" என்றான்.

அன்றைக்கு வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் வேறு எதற்கோ திறந்தவன் நான். பையன் தேவதாஸ் இல்லை, நான்தான். சரத்சந்திரர் நாவலை எப்படி முடிக்கிறார்? தேவதாஸை மன்னியுங்கள் என்று அவர் கேட்கவில்லை. சாகிற நேரத்தில் நெற்றியில் ஒரு அன்பான கை படாமல் யாரும் போக வேண்டாமே என்றுதான் நம்மிடம் கேட்கிறார். அதைப் படித்தும் எனக்கு உறைக்கவில்லை. அந்தப் பையன் சொன்ன பிறகுதான் உறைத்தது.

ஆகவே நடுவர் அவர்களே, தோற்றவன் கதையைக் குறை சொல்லாதீர்கள். அதை அரைகுறையாகப் படித்த எங்களைச் சொல்லுங்கள். தாய்மார்களே, உங்கள் வீட்டிலே ஒரு பிள்ளை தாடியோடு உட்கார்ந்திருந்தால் பட்டப்பேர் வைக்காதீர்கள். சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னப்பா ஆச்சு?" என்று கேளுங்கள். (நீண்ட கைதட்டல்)