தொட்டிற் குழந்தையும் அறுபத்தேழு ஆய்வுகூடங்களும்

பேச்சு வராத ஒருவரிடம் உண்மையைக் கேட்டறிவது எளிதன்று. ஐந்து மாதக் குழந்தையின் உள்ளத்தில் நிகழ்வது யாதென அறிய விழையும் உளநூலார்க்கு வினாவும் பயன்படாது, விடையும் கிடையாது. குழந்தை எப்பக்கம் தலையைத் திருப்புகின்றது, எப்பொருளை எத்தனை வினாடி நோக்குகின்றது, எதனை எட்டிப் பிடிக்கின்றது என்பனவே அவர்க்குக் கிட்டும் சான்றுகள். பசி வந்தாற் குழந்தை அழும். உறக்கம் வந்தாற் கண்ணை மூடும். அன்றைய ஆராய்ச்சி அத்துடன் முடிந்துவிடும்.

கைக்குழந்தைகளைத் தேடிப் பெறுவதும் கடினமே. ஆகவே, இத்துறையிற் பல ஆண்டுகளாகச் சிறுதொகைக் குழந்தைகளை வைத்தே பெரிய முடிவுகள் கூறப்பட்டு வந்தன. நாணயம் ஒன்றைப் பத்து முறை சுண்டினால் ஏழு முறை ஒரே பக்கம் விழுதல் அரிய நிகழ்ச்சியன்று. அதனைக்கொண்டு நாணயத்தின் இயல்பை எவரும் தீர்மானிப்பதில்லை. இங்கு அத்தவறு நேர்ந்திருக்கலாம். அன்றியும், எதிர்பார்த்த முடிவைத் தந்த ஆராய்ச்சி அச்சேறிற்று. தராதது மேசை இலாச்சியில் உறங்கிற்று. படிப்போர் வெற்றிகளை மட்டுமே கண்டனர்.

2015ஆம் ஆண்டில் இவ்வையம் வலுப்பெற்றது. உளநூல் ஏடுகளில் வெளிவந்த 100 ஆராய்ச்சிகளைப் பல நாட்டினர் கூடி மீண்டும் செய்து பார்த்தபோது, ஏறக்குறைய 36 மட்டுமே முன்போன்று தெளிவான முடிவைத் தந்தன. அவை பெரும்பாலும் வளர்ந்தோரைப் பற்றியவை. வாய்திறந்து சொல்லக்கூடியவர்களின் நிலையே இதுவாயின், தொட்டிலிற் கிடப்பவரின் நிலை என்னாகும்?

இதற்கு விடை தேடியவருள் ஒருவர் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மைக்கேல் பிராங்க். அவரும் தோழரும் 2017இல் வெளியிட்ட கட்டுரை, ஒரே சோதனையைப் பல ஆய்வுகூடங்கள் ஒரே முறையில் நடத்துமாறு அழைத்தது. ‘மெனி பேபீஸ்’, அதாவது ‘பல குழந்தைகள்’ என்பது அம்முயற்சியின் பெயர்.

முதலில் எடுத்துக்கொண்ட பொருள் தாய்மாரின் கொஞ்சுமொழி. குழந்தையுடன் பேசுங்கால் குரலை உயர்த்தி, இழுத்து, இசைபோலப் பேசுவது பல மக்களிடத்தும் காணப்படும் வழக்கம். நான்கு மாதக் குழந்தைகள் அப்பேச்சையே விரும்பிக் கேட்கின்றன என 1985இல் ஆன் பெர்னால்ட் காட்டியிருந்தார். இதனை வட அமெரிக்கா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா, ஆசியா ஆகிய பகுதிகளைச் சார்ந்த 67 ஆய்வுகூடங்கள் 2,329 குழந்தைகளிடம் சோதித்தன. சோதனைத் திட்டம் தொடக்கத்திலேயே பிறர் மதிப்பீட்டுக்கு விடப்பட்டு ஏற்கப்பட்டமையால், முடிவைக் கண்டபின் கணக்கை மாற்ற வழியிருக்கவில்லை.

2020இல் முடிவு வெளியாயிற்று. குழந்தைகள் கொஞ்சுமொழியை விரும்புவது மெய்யே. ஆயின் அவ்விருப்பின் அளவு, முன்னைய கட்டுரைகளைத் தொகுத்துக் கணித்த அளவிற் பாதியை ஒட்டியதாகவே இருந்தது. தலையைத் திருப்பச் செய்யும் முறையில் விருப்பம் மிகுந்து தோன்றிற்று. வேறு முறைகளிற் குறைந்தது. வயது ஏற ஏற அது வளர்ந்தது. ஒலிக்கச் செய்தது வட அமெரிக்க ஆங்கிலமாகையால், அம்மொழியை வீட்டிற் கேட்டு வளர்ந்த குழந்தைகளிடம் அது கூடுதலாகக் காணப்பட்டது. அங்ஙனமாயின் முன்னைய ஆய்வாளர் அளந்தது குழந்தையின் இயல்பையா, தம் கருவியின் இயல்பையா என்று கேட்க இடமுண்டு. ஆபிரிக்க, தென்னமெரிக்கக் குழந்தைகள் அத்தொகையில் இடம்பெறவில்லை என்பதும் கருதத்தக்கது.

அடுத்துவந்த சோதனை ஒன்று இன்னும் கடுமையானது. யேல் பல்கலைக்கழகத்தில் கைலி ஹம்லின், கரன் வின், போல் புளூம் ஆகியோர் 2007இற் செய்த ஆராய்ச்சி உலகப் புகழ் பெற்றது. கண்கள் பொருத்திய மரக்கட்டையொன்று மேட்டில் ஏற முயலும். ஒரு கட்டை அதனைத் தள்ளிவிட்டு உதவும், மற்றொன்று கீழே தள்ளித் தடுக்கும். பின்னர் இரண்டையும் நீட்டியபோது, பத்து மாதத்தினர் 16 பேரில் 14 பேரும், ஆறு மாதத்தினர் 12 பேரும் உதவிய கட்டையையே பற்றினர். நன்மை தீமை உணர்வு மனிதனுக்குப் பிறவியிலேயே உண்டோ என்ற பழைய வழக்கில், இந்த 28 குழந்தைகள் சாட்சிகளாக நிறுத்தப்பட்டனர். அத்தனை பெரிய வழக்குக்கு அத்தொகை போதுமோ?

37 ஆய்வுகூடங்கள் அச்சோதனையை மீண்டும் நடத்தின. 1,018 குழந்தைகள் வந்தனர். அழுகை முதலிய காரணங்களாற் பலரை விலக்கியபின் கணக்கிற் கொள்ளப்பட்டோர் 567 பேர். 2024இன் பிற்பகுதியில் வெளியான முடிவு வியப்பூட்டியது. உதவியதைத் தேர்ந்தோர் நூற்றுக்கு 49 வீதத்தினரே. நாணயத்தைச் சுண்டியது போலவே ஆயிற்று.

பழைய கருத்து பொய்த்தது என்று உடனே முடிவுகட்டுதல் அவசரமாகும். எல்லா இடத்தும் ஒரே காட்சி வேண்டும் என்பதற்காக நேரிற் கட்டைகளை ஆட்டாமற் படமாக்கித் திரையிற் காட்டினர். திரையில் ஆடும் கட்டையும் கண்முன் ஆடும் கட்டையும் குழந்தைக்கு ஒன்றாகத் தோன்றுமா என்பது தனியே சோதிக்க வேண்டிய வினா. இன்னொன்றும் கூறவேண்டும். முதற் கட்டுரையை எழுதிய ஹம்லின், தம் முடிவையே சோதித்த இக்குழுவில் முன்னின்று உழைத்தார்; அம்முடிவு உறுதிப்படவில்லை என்று கூறும் கட்டுரையிலும் அவர் பெயர் உள்ளது.